கிறிஸ்துமஸ் என்ற பெயருடைய சிறுவன்

1952ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் வெளியான ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ என்னும் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. ‘கிறிஸ்துமஸ் நோய்: இதுவரை ஹீமோபீலியா எனத் தவறாகக் கருதப்பட்ட ஒரு நிலை’ என்பது அதன் தலைப்பின் பொருள். பண்டிகை முடிந்து இரண்டே நாட்கள் ஆகியிருந்தன. அளவுக்கு மீறிக் கேக் தின்றதால் வரும் நோயோ என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்கும் சிலர் இந்தப் பெயரைக் கண்டு முகம் சுளித்தார்கள். ஆனால் கட்டுரை எழுதியவர்கள் வேடிக்கைக்காக அந்தப் பெயரை வைக்கவில்லை. கிறிஸ்துமஸ் என்பது அவர்கள் ஆராய்ந்த ஐந்து வயது நோயாளியின் குடும்பப் பெயர். சிறுவனின் முழுப்பெயர் ஸ்டீபன் கிறிஸ்துமஸ்.

இந்தப் பெயரை நான் அறிந்துகொண்ட விதம் எனக்குப் பெருமை தருவதன்று. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் முதலாண்டு படித்த மாணவன் ஒருவன், மாதத்தில் இரண்டு மூன்று நாட்கள் செய்முறை வகுப்புக்கு வரமாட்டான். வந்தாலும் ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடப்பான். சோம்பல் என்று முடிவு கட்டி, வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் குறித்து வந்தேன். ஒருநாள் அவனுடைய தாயார் மருத்துவச் சான்று ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ‘ஹீமோபீலியா பி, கிறிஸ்துமஸ் நோய்’ என்று அதில் எழுதியிருந்தது. இயற்பியல் ஆசிரியனாகிய நான் உயிரியல் புத்தகங்களைத் தேடிப் பிடித்துப் படிக்கத் தொடங்கியது அன்று மாலைதான். அப்படிப் படித்ததைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

இரத்தம் எப்படி உறைகிறது?

பென்சில் சீவும்போது விரலில் வெட்டிக்கொள்கிறோம். சில நிமிடங்களில் இரத்தம் நின்றுவிடுகிறது. இது மிகச் சாதாரணமாகத் தோன்றும். சற்றே எண்ணிப் பாருங்கள். இரத்தம் குழாய்களுக்குள் ஓடும்போது உறையவே கூடாது. குழாய் கிழிந்தால் கிழிந்த இடத்தில் மட்டும் உடனே உறைய வேண்டும். ஒரே திரவம் இந்த இரண்டு வேலைகளையும் எப்படிச் செய்கிறது?

இரத்தத்தின் நீர்ப்பகுதியாகிய பிளாஸ்மாவில் பத்துக்கும் மேற்பட்ட உறைவுக் காரணிகள் கரைந்துள்ளன. இவற்றில் பெரும்பாலானவை புரதங்கள். அவை உறங்கும் நிலையில் இருக்கின்றன. காயம் பட்டதும் முதலில் ஒன்று விழித்துக்கொள்கிறது. அது அடுத்ததைத் தட்டி எழுப்புகிறது, அது அதற்கடுத்ததை. இறுதியில் ஃபைப்ரின் என்னும் நூல் போன்ற புரதம் வலையாகப் பின்னிக்கொண்டு காயத்தை அடைக்கிறது. ஒரு மூலக்கூறு ஒன்றை மட்டும் எழுப்புவதில்லை, பலவற்றை எழுப்புகிறது. ஒவ்வொரு படியிலும் பத்து மடங்கு என்று வைத்துக்கொண்டால் ஆறு படிகளில் பத்து இலட்சம் மடங்கு ஆகிவிடும் அல்லவா? ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த மாக்ஃபர்லேன் என்ற மருத்துவ அறிஞர் 1964இல் இந்த அமைப்பை விவரித்தபோது அதனை ஓர் உயிர்வேதியியல் ‘பெருக்கி’ என்றே குறிப்பிட்டார். வானொலிப் பெட்டியில் மெல்லிய மின் சைகையைப் பெரிதாக்கும் பெருக்கியைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அதே கருத்துத்தான்.

பெருக்கிகள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும்போது இடையில் ஒரு படி பழுதானால் என்ன ஆகும்? முன்னால் உள்ளவை எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் பயனில்லை. ஹீமோபீலியா என்பது இதுதான். எட்டாம் காரணி இல்லாவிட்டால் ஹீமோபீலியா ஏ. ஒன்பதாம் காரணி இல்லாவிட்டால் ஹீமோபீலியா பி. முதலாவது ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கும், இரண்டாவது ஏறத்தாழ 30,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கும் காணப்படுகிறது. இரண்டு காரணிகளுக்கும் உரிய மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே என்பதால் அது பழுதானால் ஈடுகட்ட வேறொன்று இல்லை. பெண்ணுக்கு இரண்டு இருப்பதால் பெரும்பாலும் அவர் நோயின்றி, பழுதான மரபணுவைக் கடத்துபவராக இருக்கிறார்.

ஒரு தவறான எண்ணத்தை இங்கே நீக்கிவிட வேண்டும். இந்த நோய் உள்ளவர்கள் சிறு கீறல் பட்டாலே இரத்தம் முழுவதும் வடிந்து இறந்துவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அன்று. தோலில் படும் சிறு கீறல் பெரும்பாலும் அடங்கிவிடும். துன்பம் உள்ளே இருக்கிறது. முழங்கால், கணுக்கால், முழங்கை ஆகிய மூட்டுகளுக்குள் இரத்தம் கசிந்து தேங்கும். மூட்டு பந்துபோல வீங்கும். வலி தாங்க முடியாது. மீண்டும் மீண்டும் இப்படி நேர்ந்தால் குருத்தெலும்பு அரிக்கப்பட்டு மூட்டு மடங்காமலே போய்விடும். என் மாணவன் காலைத் தாங்கி நடந்ததன் காரணம் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

இரண்டு டார்ச் விளக்குகள்

ஸ்டீபன் 1947 பிப்ரவரியில் இலண்டனில் பிறந்தான். பின்னர் அவன் குடும்பம் கனடாவில் உள்ள டொராண்டோ நகரில் குடியேறியது. இரண்டு வயதில் அவனுக்கு ஹீமோபீலியா என்று அங்குள்ள மருத்துவர்கள் கண்டறிந்தனர். 1952இல் உறவினர்களைக் காண இலண்டன் வந்திருந்தபோது அவன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். அவனுடைய இரத்த மாதிரி ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பப்பட்டது. அங்கே ரோஸ்மேரி பிக்ஸ் என்ற பெண் அறிஞரும் மாக்ஃபர்லேனும் அதனைச் சோதித்தனர்.

அவர்கள் செய்த சோதனையின் தருக்கம் மிக எளிமையானது. உங்களிடம் எரியாத டார்ச் விளக்குகள் இரண்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் பல்பு இல்லை என்றால், இரண்டின் உறுப்புகளையும் ஒன்றாகக் கொட்டினாலும் ஒரு விளக்கைக்கூட எரிய வைக்க முடியாது. ஆனால் ஒன்றில் பல்பும் மற்றொன்றில் பேட்டரியும் இல்லை என்றால்? இரண்டையும் சேர்த்து ஒரு விளக்கை எரிய வைத்துவிடலாம். அது எரிந்தவுடனேயே, இரண்டின் பழுதும் வேறு வேறு என்று உறுதியாகிவிடுகிறது.

ஆக்ஸ்ஃபோர்டிலும் இதுவேதான் நடந்தது. வழக்கமான ஹீமோபீலியா நோயாளியின் இரத்தம் உறையாது. ஸ்டீபனின் இரத்தமும் உறையாது. இரண்டையும் கலந்தபோது, ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்தது! கலவையில் ஒவ்வொரு காரணியும் பாதி அளவுதான் இருக்கும். உறைவதற்கு அதுவே போதுமானது. ஆகவே ஸ்டீபனிடம் இல்லாத பொருள், மற்ற நோயாளியிடம் இருக்கிறது. அதுவரை ஒரே நோய் என்று எண்ணப்பட்டது உண்மையில் இரண்டு நோய்கள்.

நியாயமாகச் சொல்வதானால், இதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1947இல், அர்ஜென்டினா நாட்டு மருத்துவர் பவ்லோவ்ஸ்கி என்பவர் இப்படி ஒரு நோயாளியின் இரத்தம் மற்றொருவரின் குறையைச் சரிசெய்ததைக் கண்டு எழுதியிருக்கிறார். 1952இல் அமெரிக்காவிலும் வேறு குழுவினர் இதே முடிவுக்கு வந்தனர். அறிவியலில் இது அடிக்கடி நடப்பதுதான். ஆனால் மக்கள் மனத்தில் நின்றது அந்தச் சிறுவனின் பெயர். அவனிடம் இல்லாத பொருள் ‘கிறிஸ்துமஸ் காரணி’ எனப்பட்டது. பின்னர் காரணிகளுக்கு எண்கள் கொடுத்தபோது அது ஒன்பதாம் காரணி ஆயிற்று. (பட்டியலில் ஆறாம் எண்ணைத் தேடாதீர்கள். அது தனிப் பொருள் அன்று, ஐந்தாம் காரணியின் மற்றொரு வடிவமே என்று தெரிந்ததால் நீக்கிவிட்டார்கள்.)

இன்னொரு செய்தி. விக்டோரியா மகாராணியின் வழியாக ஐரோப்பிய அரச குடும்பங்களில் பரவிய ஹீமோபீலியா எந்த வகை என்பது நெடுநாள் தெரியாமல் இருந்தது. இரஷ்யாவின் கடைசிச் சக்கரவர்த்தியின் குடும்பத்தாருடைய எலும்புகளில் இருந்து மரபணுக்களை எடுத்து ஆராய்ந்து 2009இல் முடிவு கண்டார்கள். அரச குடும்பத்து நோயும், டொராண்டோச் சிறுவனின் நோயும் ஒன்றே!

மருந்தே நஞ்சானபோது

நோயின் பெயர் தெரிந்ததால் நோய் குணமாகிவிடுமா? ஸ்டீபனுக்கு வெளியிலிருந்து ஒன்பதாம் காரணி கிடைத்தாக வேண்டும். அது மற்றவர்களின் இரத்தத்தில்தான் இருந்தது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். நல்ல பிளாஸ்மா ஒரு மில்லிலிட்டரில் இருக்கும் காரணியின் அளவை ஓர் அலகு என்பர். உடல் எடையில் கிலோவுக்கு ஓர் அலகு செலுத்தினால் ஒன்பதாம் காரணி ஏறத்தாழ ஒரு சதவீதம் உயரும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 30 சதவீதம் உயர்த்த 1,800 அலகு வேண்டும். அதாவது 1.8 லிட்டர் பிளாஸ்மா! அவர் உடலில் உள்ள மொத்தப் பிளாஸ்மாவே சுமார் மூன்று லிட்டர்தான். அவ்வளவு திரவத்தை ஏற்றினால் இதயம் திணறும். எனவே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற முடியும். அதற்குள் மூட்டு வீங்கிவிடும்.

1964இல் அமெரிக்காவில் ஜூடித் பூல் என்ற பெண் அறிவியலறிஞர், உறைய வைத்த பிளாஸ்மாவைக் குளிரிலேயே மெல்ல உருக்கினால் அடியில் தங்கும் மண்டியில் எட்டாம் காரணி செறிந்திருப்பதை வெளியிட்டார். ஆயிரக்கணக்கானோருக்கு வாழ்வு தந்த கண்டுபிடிப்பு அது. ஆனால் அந்த மண்டியில் ஒன்பதாம் காரணி தங்குவதில்லை. கிறிஸ்துமஸ் நோயாளிகளுக்கு அதனால் பயனில்லாமல் போயிற்று. பின்னர் பிளாஸ்மாவிலிருந்து ஒன்பதாம் காரணியையும் பிரித்துச் செறிவூட்டி, உலர்ந்த பொடியாகக் குப்பிகளில் அடைக்க வழி கண்டார்கள். பல லிட்டர் பிளாஸ்மாவின் வேலையை ஒரு குப்பி செய்தது. நோயாளிகள் பள்ளிக்குப் போனார்கள், வேலைக்குப் போனார்கள்.

ஸ்டீபனும் வளர்ந்தார். டொராண்டோவில் புகைப்படக் கலை பயின்று, அந்நகரின் குழந்தைகள் மருத்துவமனையில் மருத்துவப் புகைப்படக்காரராகப் பணியாற்றினார். பிறர் தரும் இரத்தமும் பிளாஸ்மாவும் இல்லாமல் அவர் வாழ முடியாது.

இங்கேதான் ஒரு கண்ணி இருந்தது. செறிவூட்டிய மருந்தைத் தயாரிக்க ஆயிரக்கணக்கான கொடையாளிகளின் பிளாஸ்மாவை ஒரே தொட்டியில் கலப்பார்கள். கொடையாளிகளில் ஆயிரத்தில் ஒருவருக்கு மட்டும் இரத்தத்தில் கிருமி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவரிடமிருந்து மட்டும் இரத்தம் பெற்றால் ஆபத்து ஆயிரத்தில் ஒன்று. ஆயிரம் பேருடையதைக் கலந்தால், தொட்டி தூய்மையாக இருக்கும் வாய்ப்பு 0.999 என்ற எண்ணின் ஆயிரமாவது அடுக்கு. அதாவது சுமார் 0.37. ஐயாயிரம் பேருடையதைக் கலந்தால் அது 0.01ஐ விடக் குறைந்துவிடும். வேறு வகையில் சொன்னால், ஏறக்குறைய எல்லாத் தொட்டிகளிலும் கிருமி இருக்கும். இந்தக் கணக்கை நீங்களே கணிப்பானில் சரிபார்க்கலாம். பதினொன்றாம் வகுப்பு நிகழ்தகவுக்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

1982 ஜூலையில் அமெரிக்காவில் ஹீமோபீலியா நோயாளிகள் மூவருக்கு எய்ட்ஸ் நோயின் அடையாளங்கள் தென்பட்டதாக அறிக்கை வந்தது. நோய்க்குக் காரணமான வைரஸ் 1983இல் கண்டுபிடிக்கப்பட்டது. கொடையாளிகளின் இரத்தத்தைச் சோதிக்கும் முறை 1985இல்தான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்திருக்கும் என்பதை மேற்கண்ட கணக்கு சொல்லிவிடும். கனடாவில் மட்டும் இரத்தத்தாலும் இரத்தப் பொருள்களாலும் எச்.ஐ.வி. தொற்றியவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் ஸ்டீபன் கிறிஸ்துமஸும் ஒருவர்.

வைரஸைக் கொல்ல ஒரு வழி இருந்தது. வெப்பம்! ஆனால் முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கரு கட்டியாகிவிடுவதைப் போல, வெப்பம் உறைவுக் காரணியாகிய புரதத்தையும் கெடுத்துவிடும் அல்லவா? நீரில் கரைந்திருக்கும்போதுதான் புரதம் எளிதில் மடிப்பு கலைகிறது. நீரை நீக்கி உலர்ந்த பொடியாக வைத்துச் சூடேற்றினால் புரதம் பெருமளவு தாக்குப்பிடிக்கிறது, எச்.ஐ.வி. தாக்குப்பிடிப்பதில்லை. இவ்வளவு எளிய வேற்றுமை! சூடேற்றிய மருந்துகள் வரத் தொடங்கின. எனினும் கனடாவில் அவை கிடைக்கத் தொடங்கிய பின்னும், கையிருப்பில் இருந்த சூடேற்றாத மருந்து சில மாதங்கள் தொடர்ந்து கொடுக்கப்பட்டது என்பது பின்னர் விசாரணையில் தெரியவந்தது. இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

புகைப்படக்காரரின் போராட்டம்

தமக்குத் தொற்று ஏற்பட்டதை அறிந்தபின் ஸ்டீபன் ஒதுங்கிவிடவில்லை. எய்ட்ஸ் என்ற சொல்லைக் கேட்டாலே அண்டை அயலார் விலகிப்போன காலம் அது. பெயரை மறைத்துக்கொள்ள எவருக்கும் காரணம் இருந்தது. உலகெங்கும் மருத்துவப் பாடநூல்களில் அச்சேறிய பெயருடைய மனிதர் அவர். அவரால் மறைத்துக்கொள்வது இன்னும் அரிது. அவர் கனடா ஹீமோபீலியா சங்கத்தில் சேர்ந்து ஊக்கத்துடன் உழைத்தார். நோயாளிகளுக்கு ஏற்றப்படும் இரத்தம் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தம் இறுதிவரை பாடுபட்டார்.

அந்தச் சங்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாண்ட்ரியால் நகர வணிகர் ஃபிராங்க் ஷ்னேபல் என்பவர் 1953இல் அதனைத் தொடங்கினார். அவரும் கடுமையான ஹீமோபீலியா உள்ளவரே. 1963இல் உலக ஹீமோபீலியாக் கூட்டமைப்பையும் அவரே நிறுவினார். 1987இல் அவரும் மாசுபட்ட இரத்தப் பொருளால் வந்த எய்ட்ஸ் நோய்க்கே பலியானார். அவர் பிறந்த ஏப்ரல் 17ஆம் நாளே 1989 முதல் உலக ஹீமோபீலியா நாளாகக் கொண்டாடப்படுகிறது. இந்தியாவிலும் 1983இல் ஹீமோபீலியாக் கூட்டமைப்பு ஒன்று தொடங்கப்பட்டது.

கனடாவில் சங்கத்தினரின் வற்புறுத்தலால் 1989 டிசம்பரில் அரசு, தொற்றுக்கு ஆளான ஒவ்வொருவருக்கும் 1,20,000 டாலர் உதவித்தொகை அறிவித்தது. அத்துடன் அவர்கள் ஓயவில்லை. பணம் வேறு, உண்மை வேறு. என்ன தவறு நடந்தது, அது மீண்டும் நிகழாமல் இருக்க என்ன செய்வது என்று கேட்டார்கள். 1993 அக்டோபரில் நீதிபதி ஹோரஸ் கிரீவர் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது.

அதற்கு இரண்டு மாதங்கள் கழித்து, 1993 டிசம்பர் 20ஆம் நாள், ஸ்டீபன் கிறிஸ்துமஸ் காலமானார். வயது 46. பண்டிகைக்கு ஐந்து நாட்கள் இருந்தன.

ஆணையத்தின் அறிக்கை 1997 நவம்பரில் வெளிவந்தது. அதில் ஒரு கருத்து, அறிவியல் படிக்கும் நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது. ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கும்வரை எதையும் ஏற்காதீர்கள் என்று வகுப்பில் நான் உங்களைப் போன்றவர்களுக்குச் சொல்லிவருகிறேன். ஊசல் சோதனைக்கு அது சரி. ஆனால் மக்கள் உயிருக்கு ஆபத்து நெருங்குவதற்கு நியாயமான சான்று இருக்கும்போது, முழு மெய்ப்புக் கிடைக்கட்டும் என்று காத்திருப்பது தகாது என்றார் கிரீவர். ‘மூவருக்குத்தானே வந்திருக்கிறது, இன்னும் தரவு வரட்டும்’ என்று சொல்லிக்கொண்டிருந்த ஒவ்வொரு மாதமும் எத்தனை குப்பிகள் செலுத்தப்பட்டிருக்கும்? 1998இல் கனடாவின் இரத்தச் சேவை முழுவதும் செஞ்சிலுவைச் சங்கத்திடமிருந்து புதிய அமைப்புகளிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஸ்டீபன் இறப்பதற்கு முந்திய ஆண்டில் அவருடைய மரபணுவை ஆராய்ந்த கனடா அறிஞர்கள், 1952இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கிய தேடலை நிறைவு செய்தார்கள். ஒன்பதாம் காரணி 415 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. அதில் 206ஆம் இடத்தில் சிஸ்டைன் இருக்க வேண்டும். ஸ்டீபனுக்கு அங்கே செரின் இருந்தது. சிஸ்டைனில் கந்தக அணு உண்டு; இரண்டு சிஸ்டைன்கள் கந்தகத்தால் கைகோத்துக்கொண்டுதான் புரதத்தை அதன் வடிவில் நிறுத்துகின்றன. செரினில் கந்தகம் இல்லை. கைகோக்க ஆளில்லாமல் அந்த முடிச்சு விழவேயில்லை. மரபணுவில் ஓர் எழுத்து மாறியதன் விளைவு, ஒரு மனிதரின் வாழ்நாள் முழுவதும்.

1997இல் மனித இரத்தமே இல்லாமல் தயாரித்த ஒன்பதாம் காரணி அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சீன எலி வகையான ஹாம்ஸ்டரின் செல்களுக்குள் மனித மரபணுவைப் புகுத்தி, அவற்றையே அந்தப் புரதத்தைச் செய்ய வைக்கிறார்கள். கொடையாளிகள் இல்லை, கலப்புத் தொட்டி இல்லை. 2022இல் இந்நோய்க்கு மரபணு மருத்துவமும் அங்கே அனுமதிக்கப்பட்டது. அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

என் மாணவன் இப்போது முதுகலை படிக்கிறான். சென்ற மாதம் வீட்டுக்கு வந்தவன், பனிக்கட்டிப் பையில் பொதிந்த சிறு பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினான். உள்ளே ஒரு குப்பியில் வெண்மையான பொடி, மற்றொன்றில் நீர். இரண்டையும் கலந்து, குலுக்காமல் மெல்லச் சுழற்றிக் கரைத்தான். குலுக்கினால் நுரைத்துப் புரதம் கெட்டுவிடுமாம். பிறகு முழங்கை மடிப்பில் நரம்பைத் தடவிப் பார்த்துத் தானே ஊசியை ஏற்றிக்கொண்டான். ஐந்து நிமிட வேலை. “வாரத்துக்கு இரண்டு தடவை சார்” என்றான்.